பத்தொன்பதாம் குடாவில் ஒரு முதுகு

போன் அலறியது.

முதல் மணி முடிவதற்குள் பாய்ந்து எடுத்தாள் அவள்.

கடல் அளவை அலுவலகத்தின் வரைபட அறையில் அவளுக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். ஒல்லி உடம்பு, நிமிர்ந்த முதுகு, நாற்பத்து மூன்று வயது. கோணலாக எதைக் கண்டாலும், அது கோடாக இருந்தாலும் சரி, ஆளாக இருந்தாலும் சரி, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பெயர் வைத்தவர்கள் அனுபவப்பட்டவர்கள்.

"அக்கா..."

தம்பி! அலுவலகப் படகை ஓட்டுகிறவன். நேற்று மதியத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான்.

"டேய், என்னடா ஆச்சு? ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு அனுப்பிடறோம்னுதானே நேத்து சொன்னாங்க?"

"விடலக்கா. சீஃப் வழுக்கி விழலையாம். யாரோ பின்னாலேர்ந்து அடிச்சிருக்காங்களாம்..."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிட்டியா?"

"அக்கா, நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

ரிசீவர் கை மாறியது. கரகரவென்று வேறொரு குரல்.

"இன்ஸ்பெக்டர் பேசறேம்மா. டாக்டர் ரிப்போர்ட் வந்துருச்சு. செத்தவரோட நுரையீரல்ல தண்ணி இல்ல. கடல்ல விழறதுக்கு முன்னாடியே, காலைல பத்து மணி வாக்குல ஆள் போயாச்சு. பின் மண்டைல ஒரு அடி... ஒரே அடி!"

"அதுக்கு என் தம்பிய எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?"

"அவரக் கூட்டிட்டுப் போனது உங்க தம்பி. கரைல எறக்கி விட்டது உங்க தம்பி. எண்ணெய் போட்டுட்டுத் திரும்பி வந்து பொணத்தப் பாத்ததும் உங்க தம்பி. எல்லா எடத்துலயும் ஒருத்தரே நின்னா நான் வேற யாரம்மா உக்கார வெக்கறது?"

"அவனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே சீஃப்தான் சார்! அவர அடிக்க அவனுக்கு என்ன பைத்தியமா?"

"அதத்தான் விசாரிக்கிறோம்."

போன் வைக்கப்பட்டது.

விசாரிக்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயப்படாத அக்கா எந்த ஊரிலும் கிடையாது. தம்பி அவளைவிடப் பதினான்கு வயது சின்னவன். படகு லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். மூன்றாவது தடவை பாஸானபோது அவன் சிரித்தான், இவள் அழுதாள். வீட்டில் இருப்பது அந்த இரண்டே பேர்தான்.

அவன் கொலைகாரனா?

சான்ஸே இல்லை!

அப்படியென்றால் யார்?

*

அந்த அலுவலகத்தின் வேலை, நாட்டின் கரையோரக் குடாக்களை அளப்பது. கடல் நிலத்துக்குள் கையை விட்டுத் துழாவிய இடங்கள் மொத்தம் நாற்பது. பெரிய கப்பல் நுழையாத சந்துகள். ஒவ்வொன்றிலும் சின்னப் படகில் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழம் பார்த்து, ஃபீல்டு புக்கில் எழுத வேண்டும். அந்த நோட்டு மறுநாள் காலை ஸ்கேல் மேடத்தின் மேஜைக்கு வரும். அவள் அதை வரைபடமாக்குவாள்.

நேற்று வேலைக்குப் போனவர்கள் இரண்டு சர்வேயர்கள்.

பத்தொன்பதாம் குடாவுக்கு, சீஃப் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை சர்வேயர் போனார். போன மாதம் ஒரு பயணிகள் படகு புயலுக்கு ஒதுங்க அதற்குள் நுழைந்து, மணல் திட்டில் மோதிக் கவிழ்ந்தது. பதினாலு பேர் செத்தார்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் திட்டே இல்லை. ஏன் இல்லை என்று பார்க்கத்தான் சீஃப் போனார். போனவரின் முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

பக்கத்திலிருக்கும் இருபதாம் குடாவுக்கு, அங்கே கரையில் ஒரு தோணி இருப்பதால், ஜீப்பில் தனியாகப் போனவர் துணை சர்வேயர். எதைச் சொன்னாலும் பல்லைக் காட்டுவதால் அவருக்கு சிரிப்பு சார் என்று பெயர்.

இரண்டு குடாக்களுக்கும் நடுவே ஒரே ஒரு பாறை மேடு. ஏறி இறங்கினால் பத்து நிமிஷம்.

பத்தே நிமிஷம்!

அவள் சட்டென்று எழுந்தாள்.

கதவருகே நின்றிருந்தார் சிரிப்பு சார். கன்னத்தில் கைக்குட்டை. இன்று சிரிப்பு இல்லை. வாயையே திறக்கவில்லை.

"என்ன சார், உங்களையும் போலீஸ் கேட்டாங்களா?"

தலை மட்டும் ஆடியது.

"நேத்து காலைல எங்க இருந்தீங்க?"

"இர்பத்ல..." கைக்குட்டைக்குள்ளிருந்து வந்தது குரல். "ஆழம் பாத்துட்டு இர்ந்தேன். புக் பெட்டில போட்டுட்டேன் மேடம்..."

"பக்கத்துல ஒரு மனுஷன் செத்திருக்காரு. ஒரு சத்தம்கூடக் கேக்கலையா?"

அவர் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார். கிட்டத்தட்ட ஓட்டம்.

பல்லைக் காட்டியே பிழைப்பு நடத்துகிறவன் வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம்? அவளுக்கு ரத்தம் சூடேறியது.

நோட்டு போடும் பெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு ஃபீல்டு புக். சிரிப்பு சாருடையது. சீஃபின் நோட்டு பிணத்தோடும் இல்லை, படகிலும் இல்லை என்று நேற்றே ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

முதல் பக்கம். காலை பத்து மணி. இருபதாம் குடா. நாலு புள்ளி இரண்டு மீட்டர். மூன்று புள்ளி எட்டு. ஐந்து புள்ளி ஒன்று...

அச்சடித்தது மாதிரி சுத்தமான எழுத்து. படகில் உட்கார்ந்து எழுதுகிறவன் எழுத்தா இது? ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்கூடப் படாத காகிதம்!

இருபதாம் குடாவின் பழைய வரைபடத்தை விரித்தாள். இருபத்திரண்டு வருஷம் முன்பு அச்சானது.

நாலு புள்ளி இரண்டு. மூன்று புள்ளி எட்டு. ஐந்து புள்ளி ஒன்று.

ஒரு புள்ளி மாறவில்லை.

வெளி ஆள் யாராவது பார்த்தால், "ஆஹா, எவ்வளவு துல்லியம்!" என்று கை தட்டியிருப்பார்கள். ஸ்கேல் மேடம் கை தட்டவில்லை. அவள் உதடு கோணியது.

"திருட்டுப் பயலே..."

விஷயம் இதுதான். கடல் ஒரே மட்டத்தில் நிற்காது. ஏறும், வற்றும். வரைபடத்தில் அச்சடிப்பது, தண்ணீர் அடியோடு வற்றியிருக்கும் நேரத்து ஆழம். ஆனால் ஃபீல்டு புக்கில் எழுதுவது, அந்த நிமிஷம் கயிறு காட்டும் ஆழம். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கரையில் நட்ட கம்பத்தைப் பார்த்து, அதை ஆபீஸில் கழித்துக்கொள்வார்கள்.

நேற்றுக் காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஏறியிருந்தது. துறைமுகத்துக் கணக்கு அவள் மேஜை மேலேயே இருந்தது.

நிஜமாகவே கயிற்றை இறக்கியிருந்தால் ஐந்து புள்ளி ஏழு என்றுதான் வந்திருக்கும். நாலு புள்ளி இரண்டு வர வாய்ப்பே இல்லை!

வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடித்தவர், நடுவில் கடலைச் சேர்க்க மறந்துவிட்டார்.

ஆக, நேற்றுப் பத்து மணிக்கு சிரிப்பு சார் இருபதாம் குடாவில் படகில் இல்லை.

எங்கே இருந்தார்?

பாறை மேட்டுக்கு அந்தப் பக்கமா?

*

காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் இன்ஸ்பெக்டர் இதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவள் ரெக்கார்டு அறைக்கு ஓடினாள். போன வருஷத்து ஃபீல்டு புக்குகள். பத்தொன்பதாம் குடா. அதை அளந்தவர்...

சிரிப்பு சார்!

வேகமாகப் புரட்டினாள். அதே சுத்தமான எழுத்து. பழைய வரைபடத்தோடு வைத்துப் பார்த்தாள். அதே எண்கள். அங்கேயும் கடல் இல்லை.

அவர் போன வருஷம் பத்தொன்பதாம் குடா பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே ஒரு மணல் திட்டு வளர்ந்து நின்றது. இவர் காப்பியடித்த எண்களை நம்பி ஒரு படகு உள்ளே போனது.

பதினாலு பேர்!

போன வருஷம் அச்சுக்குப் போன வரைபடத்தின் அலுவலகப் பிரதியை எடுக்கக் கை நீட்டினாள். இடம் காலியாக இருந்தது. பதிவேட்டைப் பார்த்தாள். முந்தா நாள் தேதி. எடுத்துப் போனவர், சீஃப்.

சீஃப் கண்டுபிடித்துவிட்டார்! குடாவுக்குப் போய்த் திட்டையும் பார்த்துவிட்டார். பக்கத்துக் குடாவிலிருந்த சிரிப்பு சாரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். கேட்டவரின் மண்டையில் விழுந்தது அடி.

எல்லாம் பொருந்தியது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

போன வருஷத்து நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அப்படியே நின்றாள்.

நீல மையில் ஒரு முத்திரை. 'மாற்றம் இல்லை.'

அதன் கீழே, சரிபார்த்தவர் கையெழுத்து.

அவளுடையது.

அந்த ஆபீஸில் அப்படி ஒரு வழக்கம். புது எண்கள் பழைய வரைபடத்தோடு ஒத்துப்போனால் மறுபடி வரைய வேண்டாம். நோட்டிலும் வரைபடத்தின் அலுவலகப் பிரதியிலும் முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம். போன வருஷக் கடைசியில் ஆறே நாளில் நாற்பது குடா முடிக்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் எண் கைக்கு வந்தபோது, எல்லாம் ஒத்துப்போகிறதே, ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டது அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது. ஏறிய தண்ணீரைக் கழிக்கும் முன்பே ஒத்துப்போகக் கூடாதே என்று அன்று தோன்றவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேப்பரில் வந்த அந்தப் படம் கண் முன்னால் வந்தது. கரையில் வரிசையாக வெள்ளைத் துணிகள். அன்றைக்கு, "எவன் அளந்தானோ, நாசமாப் போக!" என்று தம்பியிடம் திட்டியவள் அவள்தான்.

இந்த நோட்டைப் போலீஸுக்குக் கொண்டு போனால் தம்பி வெளியே வருவான்.

அவள் உள்ளே போவாள்.

கொண்டு போகாவிட்டால்?

இருபத்தொன்பது வயசு அவனுக்கு. கம்பிக்குப் பின்னால் அவனை நினைத்துப் பார்த்தாள். தாங்கவில்லை.

இரண்டு நோட்டையும் பழைய வரைபடங்களையும் எடுத்துக் கைப்பையில் திணித்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

"எங்கம்மா?"

"போலீஸ் ஸ்டேஷன். வேகமாப் போங்க!"

*

இன்ஸ்பெக்டருக்குத் தொந்தி, ஜலதோஷம், மேஜை மேல் ஆறிப்போன டீ. சுவரோரமாக பெஞ்சில் தம்பி. ஒரே நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"உக்காருடா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

இரண்டு நோட்டையும் மேஜையில் வைத்தாள். பழைய வரைபடங்களை விரித்தாள். மூச்சுவிடாமல் சொன்னாள். கயிறு, கம்பம், ஏற்றம், வற்றம், ஒன்றரை மீட்டர், பாறை மேடு, பத்து நிமிஷம்.

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார்.

"பிரமாதம்மா! எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வந்திருந்தா நான் உங்களுக்கு சல்யூட் அடிச்சிட்டு நின்னிருப்பேன்."

"அப்ப அந்த ஆளப் புடிங்க சார்!"

"யார, சிரிப்பையா? புடிக்க முடியாதே..."

"ஏன் சார்?"

"நேத்து ஒம்போதரைலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் அந்த ஆள ஏற்கெனவே மூணு பேர் புடிச்சிட்டிருந்தாங்க. பல் டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு வாட்ச்மேன். கடைவாய்ப் பல்லு பாதில உடைஞ்சு போச்சாம். டவுன் பூரா கேக்கற மாதிரி கத்தியிருக்கான். நேத்து சாயங்காலமே என்கிட்ட ஒத்துக்கிட்டான். டூட்டி நேரம், ஆபீஸ்ல சொல்லிடாதீங்கன்னு கால்ல விழாத குறை. டாக்டர்கிட்ட நானே போய்க் கேட்டுட்டேன்."

கைக்குட்டை! மூடிய வாய்!

"அவன் அளக்காம எழுதினான்ங்கறது வாஸ்தவம். அதுக்கு தனியா கேஸ் இருக்கு, விட மாட்டேன். ஆனா கொலை அவன் செய்யல." இன்ஸ்பெக்டர் போன வருஷத்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். கடைசிப் பக்கம். "இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"ஓ..."

"பாக்காம போட்டேன். தப்புதான். பதினாலு உசுரு போனதுக்கு நானும்தான் காரணம். எந்தத் தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். தெரிஞ்சேதான் கொண்டு வந்தேன்."

"அக்கா!" பெஞ்சிலிருந்து தம்பி. "என்னக்கா பண்ற நீ?"

"நீ சும்மா இரு."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். ஜலதோஷக் கண்ணில் இப்போது ஒரு கூர்மை.

"அப்ப சீஃப் உயிரோட திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதியிருந்தா, சிரிப்போட சேர்ந்து நீங்களும் உள்ள போயிருப்பீங்க. இல்லியாம்மா?"

"ஆமா சார்."

"சிரிப்பு பல் டாக்டர்கிட்ட. அப்ப சீஃப் சாகறதுனால லாபம் யாருக்கு? உங்களுக்கு மட்டும்தான்."

"சார்!"

"நேத்து பத்து மணிக்கு நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"ஆபீஸ்லதான் இருந்தேன். ஆறு பேர் பாத்திருக்காங்க..."

"நீங்களே போகணும்னு இல்லியே. ஆள ஏவி விட்டிருக்கலாமே? உங்க சொல்லத் தட்டாத ஆள் ஒருத்தர் படகுல இருந்தாரே..."

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

தம்பி பெஞ்சை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கான்ஸ்டபிள் பிடித்த கையை உதறினான்.

"அவளுக்கு எதுவுமே தெரியாது! அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே சார் நான்..."

நிறுத்தினான்.

நிறுத்தி என்ன பிரயோஜனம்?

மூலையில் இன்னொரு கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தார்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவன் இடது காது சிவக்கும். இப்போது அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"டேய்... இல்லைன்னு சொல்லுடா..."

அவன் தரையைப் பார்த்தான்.

"மணல் திட்டுல எறங்கி நின்னு அந்த மேப்ப விரிச்சுக் காட்டினாருக்கா. 'பாருடா, உங்க அக்கா கையெழுத்து'ன்னாரு. ரெண்டு பேரையும் உள்ள தள்ளாம விட மாட்டேன்னாரு. கால்ல விழுந்தேன். மணல்லேயே விழுந்து கெஞ்சினேன்க்கா. 'பதினாலு வீட்டுக்குப் போய்க் கெஞ்சு'ன்னு சொல்லிட்டு, கம்பத்துல தண்ணி எவ்ளோன்னு எழுதத் திரும்பிட்டாரு..."

"அப்புறம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துடுப்பு கையிலதான் இருந்துச்சு சார்."

"நோட்டும் மேப்பும்?"

"கல்லக் கட்டிப் போட்டுட்டேன். ஆழமான எடம்."

அவள் நடந்து போய் அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அதே கையால் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கான்ஸ்டபிள் பிரிக்கப் போனார். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று கை காட்டினார்.

"உன்ன யார்டா கேட்டது?" என்றாள் அவள். "நான் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ போயிட்டு வந்திருப்பேனே... உன்ன யார்டா கேட்டது?"

"உன்ன மட்டும் யாருக்கா கேட்டது?" என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த ஒரு தாளை எடுத்தார். பாதி டைப் செய்தது. அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாருங்கம்மா."

எழுத்துகள் கண்ணீரில் மிதந்தன. தம்பியின் பெயர் இருந்தது. கொலைக்கான காரணம் எதுவும் தெரியவில்லை, சாட்சியம் இல்லை, ஆகவே விசாரணை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார் என்று இருந்தது. கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல ஒரு ஆபீஸ் ஆளாவது சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்து நான் பாத்ததில்லம்மா... ஒரு அரை மணி நேரம், எல்லாரையும் மாதிரி நீங்களும் லேட்டா வந்திருக்கக் கூடாதா?"